எவ்வளவு மிச்சம்?

வாலாஜாபாத்தில் ஜாப் டைப்பிங் கடை வைத்து மனு எழுதிக் கொடுப்பவனிடம் வருகிற பேச்சு பெரும்பாலும் குறைவைப் பற்றியதுதான். பஸ்ஸைக் குறைத்துவிட்டார்கள், பென்ஷனைக் குறைத்துத் தருகிறார்கள், ஓ.டி.யை வெட்டிவிட்டார்கள், பட்டாவில் நாலு சென்ட் காணவில்லை. கூடியதைப் பற்றி மனு எழுதச் சொல்லி ஒருவரும் படியேறுவதில்லை. தமிழில் எழுத வேண்டியதைத் தமிழிலேயே எழுதிவிடுகிறேன். தாசில்தார் அலுவலகத்துக்கும் பேரூராட்சிக்கும் அதுதான் முறை, வேலையும் அதில்தான் சீக்கிரம் நடக்கும். ஆங்கிலத்தில் கேட்கிற மனுக்கள் வேறு இடங்களுக்குப் போகிறவை: ஒரகடம் பக்கத்துக் கம்பெனிகளின் எச்.ஆர்., பி.எஃப். அலுவலகம், இன்சூரன்ஸ்காரர்களின் தலைமை அலுவலகம், வங்கியின் மண்டல அலுவலகம், வக்கீல் வழியாக நீதிமன்றம். அந்த மனுக்களில்தான் கர்ட்டெயில்மென்ட் என்ற சொல் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இப்போது படித்த பிள்ளைகள் போனிலேயே ஒரு வரைவைக் கொண்டுவந்துவிடுகிறார்கள். ‘கர்ட்டெயில்மென்ட் ஆஃப் சேலரி’ என்று இருக்கும். ‘டோட்டல் கர்ட்டெயில்மென்ட் ஆஃப் வாட்டர் சப்ளை’ என்று இருக்கும். ரிடக்‌ஷன் என்று எழுதினால் சாதாரணமாகத் தெரிகிறதாம். இது போட்டால் அதிகாரி நிமிர்ந்து உட்காருவாராம். அந்தச் சொல்மேல் எனக்கும் மரியாதை உண்டு. அதனால்தான் கண்ட இடத்தில் அதை வைக்க விடுவதில்லை.

அந்தச் சொல் மூன்று செய்திகளை ஒன்றாகச் சுமக்கிறது. முன்பு ஒன்று முழுசாக இருந்தது. அதில் ஒரு பகுதியை யாரோ வெட்டினார்கள். மீதி இன்னும் இருக்கிறது. இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் சொல் பொய்யாகிவிடுகிறது. இல்லாததை வெட்ட முடியாது. தானாகத் தேய்ந்ததை வெட்டியதாகச் சொல்ல முடியாது. முழுசாகப் போனதைக் குறைத்ததாகச் சொல்ல முடியாது. மூன்றாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். மிச்சம் எவ்வளவு என்று சொல்லாமல் இந்தச் சொல்லை எழுதவே கூடாது என்பது இத்தனை வருஷத் தட்டச்சில் நான் பிடித்துவைத்திருக்கிற பிடிவாதம்.

பாலாற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து நாலைந்து பெண்கள் ஒரு நாள் சாயங்காலம் வந்தார்கள். இரண்டு பேர் கழுத்தில் கம்பெனி ஐ.டி. கார்டு. ஒருத்தி கையில் எழுதிக்கொண்டுவந்த தாள், அதில் ‘கேன்சலேஷன் ஆஃப் லாஸ்ட் பஸ்’ என்று தலைப்பு.

“கடைசி பஸ்ஸ நிறுத்திட்டாங்க சார். அதான் எழுதணும்.”

“சுத்தமா வர்றதே இல்லையாம்மா?”

“வருது. ஊருக்குள்ள வர்றதில்ல. மெயின் ரோட்லயே திருப்பிக்கினு போயிடறாங்க.”

“எப்பலேர்ந்து?”

“பொங்கலுக்கு அப்புறமா.”

“காலைல வர்ற வண்டி?”

“அது எப்பவும்போல வருது சார். ராத்திரி வண்டிதான்.”

இங்கேதான் சொல்லின் வேலை ஆரம்பிக்கிறது. பஸ் நின்றுவிட்டது என்று எழுதினால், அந்த மனுவுக்குப் பதில் எழுதுவது மிகச் சுலபம். வண்டி ஓடுகிறது என்பதற்கு டிரைவரின் லாக் ஷீட் இருக்கிறது, டிக்கெட் மெஷினில் வசூல் இருக்கிறது. ‘மேற்படி சேவை தொடர்ந்து இயக்கப்பட்டு வருகிறது’ என்று ஒரே வரியில் ஃபைலை மூடிவிடலாம். அந்த வரியில் பொய் எதுவும் இருக்காது. டிரிப்பைக் குறைத்துவிட்டார்கள் என்று எழுதினாலும் அதே கதைதான். டிரிப் எண்ணிக்கை அப்படியே இருக்கிறதே! இந்தப் பெண்கள் இழந்தது வண்டியையும் அல்ல, டிரிப்பையும் அல்ல. வழித்தடத்தின் கடைசித் துண்டை. மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குள் போகிற, விளக்கு இல்லாத அந்தத் தூரத்தை. இதற்குக் கர்ட்டெயில்மென்ட்தான் சொல். வேறு எதுவும் இல்லை.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் இதையேதான் சொல்கிறது. பர்மிட் நிபந்தனைகளை மாற்றுவதைப் பற்றிய 80(3) பிரிவில் மாற்றம், நீட்டிப்பு, கர்ட்டெயில்மென்ட் என்று மூன்றும் வரிசையாக வருகின்றன. வழித்தடத்தை நீட்டினால் ஒரு பெயர், சுருக்கினால் ஒரு பெயர், நடுவில் வளைத்தால் ஒரு பெயர். இந்த மாதிரி மாற்றத்துக்கு விண்ணப்பித்தால் அதைப் புது பர்மிட் கேட்கிற விண்ணப்பமாகவே நடத்த வேண்டும் என்பது அந்தப் பிரிவின் சாரம். அதாவது வழித்தடத்தின் வாலை வெட்டுவது டிரைவரும் செக்கரும் சாயங்காலம் பேசி முடித்துக்கொள்கிற விஷயமே அல்ல என்பதைச் சட்டம் அந்தச் சொல்லுக்குள்ளேயே வைத்திருக்கிறது. அரசு வண்டிகளின் வழித்தடத் திட்டத்துக்கு வேறு அத்தியாயம் இருக்கிறது. ஆனாலும் போக்குவரத்து ஆள் படித்ததும் புரிந்துகொள்கிற பாஷை இதுதான்.

மனுவின் முதல் பத்தியில் வழித்தட எண், கடைசி நிறுத்தத்தின் பெயர், இப்போது திரும்புகிற இடத்தின் பெயர், இரண்டுக்கும் நடுவில் எத்தனை கிலோமீட்டர், எந்த மாதத்திலிருந்து. இரண்டாவது பத்தியில் அந்த வண்டியில் யார் வருகிறார்கள், எத்தனை மணிக்கு இறங்குகிறார்கள். காலை வண்டி ஒழுங்காக வருகிறது என்பதையும் எழுதச் சொன்னேன். “அத எதுக்கு சார் சொல்லணும்?” என்று கேட்டாள் தாள் வைத்திருந்தவள். மிச்சத்தைச் சொல்லுகிறவனின் குறையைத்தான் நம்புவார்கள். காலையில் ஊர் வரைக்கும் வருகிற வண்டி ராத்திரியில் மட்டும் ஏன் வர முடியாது என்ற கேள்வி அந்த ஒரு வரியிலிருந்துதான் எழும்புகிறது. ரோடு சரியில்லை என்று சொல்லித் தப்பிக்க அதற்கப்புறம் வழி கிடையாது.

இனி இந்தச் சொல்லைக் கையாளுகிற விதம். பின்னால் ‘ஆஃப்’ போட்டு, எது வெட்டப்பட்டதோ அதை வைக்க வேண்டும்: வழித்தடம், விடுப்பு, வேலை நேரம், உரிமை, செலவு. நீளமோ காலமோ பரப்போ உள்ள பொருளாக இருந்தால் சொல் இயல்பாக உட்காரும். அரசு ஊழியர் மெடிக்கல் லீவில் போய்ச் சீக்கிரம் குணமாகி முன்னதாகவே வேலைக்குத் திரும்பினால், மீதி நாட்களை ரத்து செய்யச் சொல்லி எழுதுகிற கடிதத்தில் ‘கர்ட்டெயில்மென்ட் ஆஃப் லீவ்’ என்பது மிகச் சரி. சம்பளம் ஒரு தொகை. அதற்கு ரிடக்‌ஷன் போதும், டிடக்‌ஷனா ரிடக்‌ஷனா என்று பிரித்துச் சொன்னால் இன்னும் நல்லது. டிடக்‌ஷன் என்றால் சம்பளம் அதேதான், அதிலிருந்து பிடித்தம். ரிடக்‌ஷன் என்றால் சம்பளமே இறங்கிவிட்டது. தமிழில் இதைக் குழப்பிக்கொள்கிறவர் யாரும் இல்லை; ‘பிடிச்சிட்டாங்க’ என்பதும் ‘கொறைச்சிட்டாங்க’ என்பதும் வேறுவேறு என்று வாலாஜாபாத் சந்தையில் கூடை தூக்குகிறவருக்கும் தெரியும். ஆங்கிலத்துக்குப் போகும்போதுதான் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

‘டோட்டல்’ என்ற அடைமொழியை இந்தச் சொல்லுக்கு முன்னால் போடக் கூடாது. மொத்தமாக வெட்டினால் அது ஒழிப்பு. முழுசாக நிறுத்த வேண்டியதற்கும் இது ஆகாது. மணல் திருட்டைக் கர்ட்டெயில் செய்ய வேண்டும் என்று ஒருவர் எழுதிக்கொண்டுவந்தார். பாலாற்று மணலை நினைத்து அவர் பட்ட வேதனை உண்மை. ஆனால் அந்த வாக்கியம் என்ன சொல்கிறது? திருட்டைக் கொஞ்சம் குறைத்து, மிச்சத்தை வைத்துக்கொள்ளலாம் என்கிறது. அவர் கேட்க வந்தது ‘ஸ்டாப்’. எளிய சொல், அதையே போட்டோம்.

இந்தச் சொல்லுக்குள் ‘டெயில்’ இருக்கிறதே என்று கடைக்கு வருகிற சில மாணவர்கள் கேட்பார்கள். வாலை வெட்டிய குதிரைக்குப் பிரெஞ்சிலிருந்து வந்த ‘கர்ட்டல்’ என்ற பெயர் ஆங்கிலத்தில் பதினாறாம் நூற்றாண்டில் வழங்கியது. குட்டை என்று பொருள்படும் லத்தீன் வேர். வால் என்கிற ஒலி பின்னால் ஒட்டிக்கொண்டது. வாலை வெட்டினாலும் குதிரை நிற்கிறது என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

எனக்கு இந்தச் சொல்லில் பயம் தருகிற இடம் வேறொன்று. தமிழில் தன்வினை, பிறவினை என்று சின்ன வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். குறைந்தது, குறைத்தது. ‘பஸ்ஸு கொறைஞ்சிடுச்சி’ என்றால் வெயில் குறைந்த மாதிரி, யார் மேலும் பொறுப்பு இல்லை. ‘கொறைச்சிட்டாங்க’ என்றால் செய்த ஆள் இருக்கிறார்; பெயர் தெரியாவிட்டாலும் அந்த ‘ஆங்க’ விகுதிக்குள் அவர் நிற்கிறார். என் கடைக்கு வருகிறவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் பிறவினையில்தான் பேசுகிறார்கள். ஆங்கிலப் பெயர்ச்சொல்லாக மாற்றியதும் அந்த ஆள் காணாமல் போகிறார். ‘தேர் ஹாஸ் பீன் எ கர்ட்டெயில்மென்ட்’ என்று எழுதினால் அது தானாக வந்து தானாக நிகழ்ந்த ஒன்றாகிவிடுகிறது. அலுவலகங்களுக்கு இது வசதி. சுற்றறிக்கைகளில் இந்த வகைப் பெயர்ச்சொற்கள் மண்டிக் கிடப்பதற்குக் காரணமும் இதுதான் என்று நினைக்கிறேன். மனு கொடுக்கிறவருக்கு அந்த வசதி தேவையில்லை. அதனால் தலைப்பில் பெயர்ச்சொல்லை வைத்தாலும், உள்ளே முதல் வாக்கியத்தை வினைச்சொல்லில்தான் ஆரம்பிக்கிறேன்: இன்ன பதவியில் உள்ளவர், இன்ன தேதியில், இன்ன உத்தரவால், இதைச் சுருக்கினார். உத்தரவு எண் தெரியாவிட்டால் அந்த உத்தரவின் நகலைக் கேட்பதே மனுவின் முதல் கோரிக்கையாகிறது. அப்படியோர் உத்தரவே இல்லை என்று தெரியவந்தால் அதுவே பாதி ஜெயம்.

கட்டுப்பாடு, வரம்பு என்ற அர்த்தத்தில் ‘லிமிடேஷன்’ என்று எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கோர்ட் பக்கம் போகிற தாளில் அந்தச் சொல்லைத் தொடவே வேண்டாம். அங்கே அதற்கு ஒரே அர்த்தம்தான், காலக்கெடு. 1963ஆம் ஆண்டு லிமிடேஷன் சட்டப்படி புரோநோட்டுக் கடனுக்கு 3 வருஷம், உரிமையின் பேரில் நிலத்தின் சுவாதீனம் கேட்க 12 வருஷம். ‘எங்கள் பாதையைப் பயன்படுத்துவதில் லிமிடேஷன் ஏற்பட்டுள்ளது’ என்று ஒருவர் எழுதினால், படிக்கிற குமாஸ்தாவுக்கு வழக்கு காலாவதியாகிவிட்டதோ என்றுதான் முதலில் தோன்றும். பாதையில் தடுப்பு வைத்தால் அப்ஸ்ட்ரக்‌ஷன். நேரம் குறித்து விட்டால் ரெஸ்ட்ரிக்‌ஷன். அகலத்தில் பாதியை வேலிக்குள் இழுத்துக்கொண்டால் என்க்ரோச்மென்ட். நிலத்தில் போய் நின்று பார்க்காமல் இந்த மூன்றில் எது என்று சொல்ல முடியாது.

மின்சாரத்தில் இந்தச் சொற்களின் வேறுபாடு எவ்வளவு பணம் பெறும் என்பதைத் தமிழ்நாடே பார்த்திருக்கிறது. 2008 நவம்பரிலிருந்து உயர் அழுத்த மின் இணைப்புகளுக்குத் தொடக்கத்தில் 40 விழுக்காடு வெட்டு வந்தது. அதற்கு அதிகாரபூர்வப் பெயர் ‘ரெஸ்ட்ரிக்‌ஷன் அண்டு கன்ட்ரோல்’. 2015இல்தான் அது முழுசாக விலகியது. அந்த வருஷங்களில் கல் உடைக்கும் கிரஷர்களும் மில்களும் எத்தனை பாடுபட்டன என்பதை இந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அன்றைக்கு வெட்டப்பட்டது நுகர்வு. மின்சாரம் போதவில்லை, இருப்பதைப் பகிர்ந்தார்கள்.

பிற்பாடு நிலைமை தலைகீழானது. சூரிய மின் நிலையங்கள் பெருகின. மின்சாரம் தயாராக இருக்கும்போதே, வேண்டாம், உற்பத்தியைக் குறை என்று மாநில மின்சுமைப் பகிர்வு மையத்திலிருந்து உத்தரவு போகத் தொடங்கியது. இதற்குத்தான் மின்துறையில் கர்ட்டெயில்மென்ட் என்று பெயர். சேமிக்கிற வசதி இல்லாத நிலையத்தில், வெயிலில் உண்டாகிற மின்சாரத்தை நாளைக்கு என்று எடுத்து வைக்க முடியாது. அந்த நேரத்தில் வாங்காவிட்டால் போனது போனதுதான். மின் கட்டமைப்பின் பாதுகாப்புக்காக மட்டும் அப்படிக் குறைக்கச் சொல்லலாம் என்று விதி இருந்தது. குறைத்ததெல்லாம் பாதுகாப்புக்காகத்தானா, இல்லை இதைவிட மலிவாக வேறு மின்சாரம் கிடைத்ததாலா? உற்பத்தியாளர்களின் சங்கம் வழக்குக்குப் போனது. மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021 ஆகஸ்ட் 2 அன்று தீர்ப்புச் சொன்னது. எந்தெந்த நேரத்தில் குறைக்கச் சொன்னார்கள், அப்போது மின்தொகுப்பின் நிலை என்ன என்று தேசிய மின்தொகுப்பு நிறுவனமான போசோகோ ஆராய்ந்து தந்த அறிக்கையை வைத்துப் பார்த்து, காரணம் பாதுகாப்பு அல்ல, வணிகம் என்று முடிவுக்கு வந்தது. குறைத்த யூனிட்டுகளுக்கு ஒப்பந்த விலையில் 75 விழுக்காட்டை இழப்பீடாகத் தரச் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளில் இந்தச் சொல் நேரடியாகவே இடம்பெற்றது: வணிகக் காரணத்துக்காகக் கர்ட்டெயில்மென்ட் கூடாது, தொழில்நுட்பத் தடையோ கட்டமைப்பின் பாதுகாப்போ காரணமாக இருந்தால் செய்யலாம், மீறினால் இழப்பீடு.

அந்த வழக்கை எனக்கு முக்கியமாக்குவது ஒன்றுதான். குறைத்ததை யாரும் மறுக்கவில்லை. சண்டையின் மையம் ‘எதற்காக’ என்பதில். அதனால் என் மனுக்களில் நாலாவதாக ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொண்டேன். எது, எவ்வளவிலிருந்து எவ்வளவு, யார் என்பதோடு, என்ன காரணம் சொன்னார்கள். காரணம் வாய்மொழியாகத்தான் சொன்னார்கள் என்றால் அதையும் எழுதிவிட வேண்டும், சொன்ன தேதியோடு.

நம் பேச்சுத் தமிழும் இதில் சளைத்ததல்ல. மின்வெட்டு என்றால் வேண்டுமென்று வெட்டியது. மின்தடை என்றால் எங்கோ பழுது. மின்நிறுத்தம் என்றால் பராமரிப்புக்காக முன்கூட்டியே அறிவித்தது. மாதாந்திரப் பராமரிப்புக்கு லைன் ஆஃப் என்று பேப்பரில் வருகிற அறிவிப்பை ‘மின்வெட்டு’ என்று யாராவது சொன்னால் ஈ.பி. ஆட்கள் உடனே திருத்துவார்கள். அவர்கள் திருத்துவது நியாயம்.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளில் வேலை பார்க்கிற பையன்கள் கொண்டுவருகிற நோட்டீஸ்களில் ஒரு சொல்லைத் தவறவிட்டால் ஒரு குடும்பத்தின் இரண்டு வருஷத்துச் சோறு போய்விடும். அங்கே நான் ரொம்ப நேரம் எடுத்துக்கொள்வேன். ஷிப்ட் நேரத்தைச் சுருக்கினார்களா, வேலை இல்லையென்று வீட்டில் உட்காரச் சொன்னார்களா, ஆளையே எடுத்துவிட்டார்களா, ஆலையையே மூடுகிறார்களா? நாலுக்கும் நாலு பெயர். வீட்டில் உட்கார வைத்தால் லே ஆஃப். 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தில், தகுதியுள்ள தொழிலாளிக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்ததில் பாதியை அந்த நாட்களுக்கு இழப்பீடாகத் தர வேண்டும் என்று இருந்தது. வேலை உறவு முறியவில்லை. ஆளை எடுத்தால் ரிட்ரெஞ்ச்மென்ட், தமிழில் ஆட்குறைப்பு. காரணத்தோடு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம், கடைசியில் சேர்ந்தவரை முதலில் எடுக்க வேண்டும் என்ற வரிசை, பிறகு ஆள் எடுக்கும்போது முன்னுரிமை. இவ்வளவும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியவை. 2020ஆம் ஆண்டுத் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பும் இந்தப் பெயர்களை அப்படியே வைத்துக்கொண்டது. முன்அனுமதி தேவைப்படுகிற ஆலையின் அளவை 100 பேரிலிருந்து 300 பேருக்கு உயர்த்தியது.

ஆலை மூடல் இந்தச் சொல்லுக்குள் வருமா என்பதே ஒரு காலத்தில் பெரிய வழக்கு. பார்சி லைட் ரயில்வேயை அரசு எடுத்துக்கொண்டபோது வேலை போனவர்கள் ரிட்ரெஞ்ச்மென்ட் இழப்பீடு கேட்டார்கள். தொழில் நடந்துகொண்டிருக்கும்போது உபரி ஆட்களை எடுப்பதுதான் ரிட்ரெஞ்ச்மென்ட், தொழிலே முடிந்தால் அது வேறு என்று 1956இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இங்கேயும் மிச்சம்தான் தீர்மானித்தது: தொழில் மிச்சம் இருந்தால்தான் அது குறைப்பு. தீர்ப்புக்குப் பிறகு 1957இல் நாடாளுமன்றம் மூடலுக்கென்று தனிப் பிரிவு சேர்க்க வேண்டியதாயிற்று.

இன்னொன்று, இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மிகவும் வேண்டியது. விருப்ப ஓய்வு என்று கையெழுத்துப் போட்டுவிட்டால் அது ரிட்ரெஞ்ச்மென்ட் ஆகாது என்று சட்டத்தின் வரையறையிலேயே விலக்கு இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியபோது, தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் அதற்கு முன்பே விருப்ப ஓய்வுத் திட்டத்தில் வெளியேறியிருந்தார்கள். அது சரியா தவறா என்பது அவரவர் வீட்டு நிலைமை; கையில் கிடைத்த தொகை சட்டம் சொல்வதைவிட அதிகமாகவே இருந்திருக்கலாம். ஆனால் படிவத்தில் கையெழுத்துப் போட்ட நிமிஷத்தில் அந்தச் சொல்லும் அதனோடு வருகிற மறுவேலை முன்னுரிமையும் கையைவிட்டுப் போகின்றன. அதனால் அந்தப் படிவத்தோடு ஒருவர் வந்தால், டைப் அடிப்பதற்கு முன்னால் ஒரு வக்கீலையோ சங்கத்து ஆளையோ பார்த்துவிட்டு வா தம்பி என்று அனுப்பிவிடுகிறேன்.

வரம்பு கட்டி எழுதுவதற்கு நல்ல முன்மாதிரி கேட்கிறவர்களை உத்திரமேரூருக்குப் போகச் சொல்வேன். பக்கத்தில்தான் இருக்கிறது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919லும் 921லும் வெட்டியவை. குடவோலையைப் பார்க்கத்தான் எல்லோரும் போகிறார்கள். எனக்கு அதில் பிடித்தது, ஊர்ச் சபையின் வாரியங்கள் என்கிற குழுக்களுக்கு யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்று எழுதியிருக்கிற விதம். கால் வேலிக்கு மேல் இறை கட்டுகிற நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். கடந்த மூன்று வருஷத்தில் வாரியம் செய்தவர் கூடாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் கூடாது. அவருக்கு இன்னின்ன உறவு முறைக்காரர்களும் கூடாது என்று உறவை ஒவ்வொன்றாகச் சொல்கிறது. ‘நெருங்கிய உறவினர்’ என்று பொதுவாக விட்டுவிடவில்லை. இரண்டு கல்வெட்டுக்கும் நடுவில் இரண்டே வருஷம். முதலாவதில் வயது 30 முதல் 60 வரை. இரண்டாவதில் அதை மாற்றினார்கள். மாற்றியதும் எண்ணால்தான். எதை, யாருக்கு, எதுவரை, எத்தனை காலத்துக்கு என்ற எல்லாமும் கல்லில் இருக்கிறது. நிலமில்லாதவர்களுக்கு அந்த வாரியங்களில் இடமில்லை என்பதும் அதே தெளிவோடு தெரிகிறது. தெளிவாக எழுதிய வரம்பை ஆயிரம் வருஷம் கழித்தும் நம்மால் கேள்வி கேட்க முடிகிறது.

அரசியல் சட்டத்தின் 13(2) பிரிவு அடிப்படை உரிமைகளைப் பறிக்கவும் கூடாது, சுருக்கவும் கூடாது என்று இரண்டையும் தனித்தனியே சொல்கிறது. பறிக்கவில்லையே, சுருக்கித்தானே இருக்கிறோம் என்று ஒரு அரசு தப்பித்துவிடக் கூடாது என்பதற்காக. நியாயமான கட்டுப்பாடு என்பதை எப்படி அளப்பது என்று வழிகாட்டிய தீர்ப்பும் நம் சென்னையிலிருந்து போன வழக்கில்தான் வந்தது: 1952இல் மதராஸ் மாநிலம் எதிர் வி. ஜி. ராவ். எந்த உரிமை, என்ன நோக்கம், தீங்கு எவ்வளவு, அவசரம் எவ்வளவு, கட்டுப்பாடு அதற்குப் பொருந்துகிற அளவில் இருக்கிறதா என்று தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி அடுக்கியிருக்கிறார். பஸ் மனுவுக்கும் நான் கேட்பது கிட்டத்தட்ட அவைதான்.

இந்தச் சொல் வரவே கூடாத ஒரு மனுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மாக்கள் ஒருமுறை கூட்டமாக வந்தார்கள். வருஷம் முடியப் போகிறது, அட்டையில் பாதி நாள்கூட ஏறவில்லை. கூட வந்த கல்லூரிப் பெண் வரைவில் ‘கர்ட்டெயில்மென்ட் ஆஃப் ஹண்ட்ரட் டேஸ் ஒர்க்’ என்று எழுதியிருந்தாள். கேட்பதற்கு எடுப்பாகத்தான் இருந்தது. ஆனால் 2005ஆம் ஆண்டு வேலை உறுதிச் சட்டம் நூறு நாளைத் தட்டில் வைத்து எல்லோருக்கும் கொடுத்துவிடவில்லை. வேலை கேட்டவருக்கு, கேட்ட 15 நாளுக்குள் தர வேண்டும் என்றது. தராவிட்டால் வேலையில்லாப் படி தர வேண்டும்: முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்குக்குக் குறையாமல், அதற்குமேல் பாதிக்குக் குறையாமல். கொடுத்ததை யாரும் வெட்டவில்லை. கேட்டும் கொடுக்கவில்லை. குறைத்துவிட்டார்கள் என்று எழுதினால், நிதி இருந்த அளவுக்குக் கொடுத்தோம் என்று பதில் வரும். படியைப் பற்றிய பேச்சே எழாது.

“நீங்க வேலை வேணும்னு எழுதிக் கொடுத்தீங்களாம்மா?” என்று கேட்டேன்.

“வாயால சொன்னோம் சார். ஒவ்வொரு வாட்டியும் சொன்னோம்.”

வாயால் சொன்னதற்குத் தேதி இல்லை. ஆகவே அன்றைக்கு நாங்கள் அடித்தது குறையைச் சொல்லுகிற மனுவே அல்ல. வேலை கேட்டுத் தனித்தனி விண்ணப்பம், ஒவ்வொருவரின் அட்டை எண்ணோடு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை வேலை வேண்டும் என்று. தமிழில், இரண்டு நகலோடு. கீழே ஒரு வரி: பெற்றுக்கொண்டதற்குத் தேதியிட்ட ரசீது வழங்கவும். கல்லூரிப் பெண் தன் வரைவை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, விண்ணப்பங்களில் அட்டை எண்களைச் சரிபார்க்க உட்கார்ந்தாள். எண்களில் ஒன்று தவறியிருந்ததை அவள்தான் கண்டுபிடித்தாள்.